வருஷா வருஷம் ‘பவர்’ ஏறுதா? குழந்தைகளின் கிட்டப்பார்வைக்கு பிரேக் போட வழி இருக்கு!

பள்ளி திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் யூனிஃபார்ம் கடை, ஷூ கடைக்கு அடுத்தபடியாகப் பெற்றோர் ஏறி இறங்கும் இடம் கண்ணாடிக் கடை. போர்டில் எழுதுவது தெரியவில்லை என்று டீச்சர் டைரியில் குறிப்பு எழுதி அனுப்பியிருப்பார். செக் பண்ணினால், போன வருஷம் மைனஸ் ஒன்றரை இருந்தது இப்போது மைனஸ் இரண்டேகால் ஆகியிருக்கும். “வளர்ற பிள்ளை, பவர் ஏறத்தானே செய்யும்” என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். புது லென்ஸ், புது ஃபிரேம், பில். அடுத்த ஜூனில் மறுபடியும் அதே கதை.

அந்தச் சமாதானத்தில் பாதிதான் உண்மை. வளரும் வயதில் பவர் ஏறும் என்பது சரி. எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை நம்மால் மாற்ற முடியும் என்பது இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொட்டு மருந்து இருக்கிறது, ஸ்பெஷல் லென்ஸ் இருக்கிறது. கிட்டப்பார்வை வருவதையே தள்ளிப்போட, காசே செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது: பகல் வெளிச்சம். முதல் இரண்டும் பர்ஸ் கனமாக இருக்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கின்றன. மூன்றாவதை, வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத இந்த ஊர், ஸ்கூல் டைம்டேபிளிலும் டியூஷனிலும் தொலைத்துக்கொண்டிருக்கிறது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

பிறந்த குழந்தையின் கண், முன்னாலிருந்து பின்வரை சுமார் 17 மி.மீ. நீளம் இருக்கும். பெரியவர்களுக்குச் சுமார் 24 மி.மீ. உடம்பு வளர்வது போலக் கண்ணும் வளர்கிறது. அந்த வளர்ச்சி அளவோடு நின்றால், தூரத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் சரியாக விழித்திரை மேல் விழும். சில குழந்தைகளுக்குக் கண் தேவைக்கு மேல் நீண்டுவிடுகிறது. அப்போது பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். இதைத்தான் கிட்டப்பார்வை என்கிறோம். டாக்டர்கள் சொல்லும் பெயர் மயோப்பியா.

கண் 1 மி.மீ. கூடுதலாக நீண்டாலே, பவர் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை ஏறிவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்கி பழைய நிலைக்கு வராது. அதனால்தான் இந்த விஷயத்தில் ‘குணப்படுத்துவது’ என்று யாரும் பேசுவதில்லை. ‘வேகத்தைக் குறைப்பது’ என்றுதான் பேசுகிறார்கள்.

பொதுவாக, கண்ணாடி போட ஆரம்பிக்கும் வயது எவ்வளவு குறைவோ, முடிவில் நிற்கும் பவர் அவ்வளவு அதிகம். 13 வயதில் ஆரம்பித்த பிள்ளைக்கு ஏற இன்னும் சில வருஷங்கள்தான் மிச்சம். 6 வயதில் ஆரம்பித்த பிள்ளைக்கோ பத்து வருஷத்துக்கும் மேல் பாக்கி இருக்கிறது.

நம்ம ஊர் நிலவரம் என்ன?

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடத்திய பெரிய ஆய்வின் முதல்கட்ட முடிவுகள் 2021-ல் வெளியாகின. சராசரியாக 10 வயதுள்ள 14,342 மாணவர்களைப் பரிசோதித்ததில் 2,502 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதாவது 17.5 சதவீதம். 40 பேர் இருக்கும் ஒரு வகுப்பில் 7 பேர். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. 74 பேருக்கு அந்த வயதிலேயே ‘அதிக கிட்டப்பார்வை’ வந்திருந்தது.

நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் போக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். ஹைதராபாத்தின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள், பல வருடங்களில் வந்த இந்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நகரங்களில் 5 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் 1999-ல் 4.44 சதவீதம். 2019-ல் 21.15 சதவீதம். இருபதே வருஷத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இதே வேகத்தில் போனால் 2050-ல் 48 சதவீதத்தைத் தொடும் என்பது அவர்களின் கணிப்பு.

பரம்பரையும் ஒரு காரணம்தான். அப்பா, அம்மா இருவரும் கண்ணாடி போட்டிருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால், இருபது வருஷத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியிருப்பது பிள்ளைகள் வாழும் விதம்.

கண்ணாடி போட்டால் தெரியுதே, அப்புறம் என்ன?

இந்தக் கேள்வியில்தான் பலரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும். நீண்டுபோன கண்ணைப் பழையபடி ஆக்காது. பலூனை ஊத ஊத அதன் தோல் மெலிவது போல, கண் நீள நீள உள்ளே இருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. இதன் பலன் பள்ளியில் தெரியாது, 40, 50 வயதில் தெரியும். விழித்திரை கிழிந்து விலகுவது, கண் நீர் அழுத்த நோய், விழித்திரையின் மையப்பகுதி சிதைவது ஆகிய மூன்றுக்கும் அதிக கிட்டப்பார்வை உள்ளவர்களிடம் ஆபத்து கூடுதல். கடைசியாகச் சொன்னதில் இழந்த பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

லேசர் பண்ணிக்கிட்டா போச்சு என்று நினைப்பவர்களும் உண்டு. 18 வயதுக்கு மேல் செய்யப்படும் லேசர் சிகிச்சை, கண்ணின் முன்பக்கக் கருவிழியைத்தான் செதுக்குகிறது. கண்ணாடி போய்விடும். பின்னால் மெலிந்த விழித்திரை அப்படியே இருக்கும், ஆபத்தும் அப்படியே இருக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு பாயிண்டும் முக்கியம். 2019-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையின் கணக்குப்படி, ஒருவரின் முடிவான பவரில் 1 டயாப்டர் குறைந்தாலே, விழித்திரை மையச் சிதைவு வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைகிறது.

ஒரு எளிய கணக்கு. 7 வயதில் மைனஸ் 1 இருக்கும் பிள்ளைக்கு வருஷத்துக்கு முக்கால் பாயிண்ட் ஏறினால், 15 வயதில் மைனஸ் 7. அந்த வேகம் பாதியாகக் குறைந்தால் மைனஸ் 4. நிஜத்தில் வயது ஏற ஏற வேகம் தானாகவே கொஞ்சம் குறையும், அதனால் எண்கள் அப்படியே வராது. இரண்டுக்கும் நடுவில் விழும் வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது.

எல்லாத்துக்கும் மொபைல்தான் காரணமா?

மொபைலைக் கை காட்டுவது சுலபம், அதில் நியாயமும் இருக்கிறது. 2025-ல் வெளியான, 45 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை, தினசரி ஸ்கிரீன் நேரம் ஒரு மணி நேரம் கூடினால் கிட்டப்பார்வை வருவதற்கான சாத்தியம் 21 சதவீதம் கூடுகிறது என்கிறது. கொரோனா காலம் இதற்கு ஒரு பெரிய சோதனைக்கூடமாகவே அமைந்துவிட்டது. சீனாவில் ஒரு நகரத்துப் பள்ளிகளில் 2015 முதல் 2019 வரை 6 வயதுக் குழந்தைகளில் அதிகபட்சமாக 5.7 சதவீதம் பேருக்குத்தான் கிட்டப்பார்வை இருந்தது. வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களுக்குப் பிறகு, 2020-ல் அது 21.5 சதவீதம்.

ஆனால் வீட்டில் அடைந்து கிடப்பதில் இரண்டு விஷயம் சேர்ந்தே நடக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நேரம் கூடுகிறது, வெளியே இருக்கும் நேரம் குறைகிறது. இதில் எது பெரிய வில்லன்?

இதற்கு 2008-ல் ஒரு சுவாரசியமான விடை கிடைத்தது. சிங்கப்பூரில் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளையும், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். வயது 6, 7. இரண்டு ஊர்களிலும் பெற்றோர்களில் கண்ணாடி போட்டவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. சிங்கப்பூரில் 29 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம்தான். சிட்னிக் குழந்தைகள் குறைவாகப் படித்தார்களா என்று பார்த்தால் அதுவும் இல்லை, அவர்கள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில்தான் இருந்தது: வாரத்துக்கு சிட்னிப் பிள்ளைகள் வெளியில் இருந்தது 13.75 மணி நேரம், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்.

வெயில் என்ன மாயம் செய்கிறது?

கண்ணுக்குள் போதுமான வெளிச்சம் விழும்போது விழித்திரையில் டோபமைன் சுரக்கிறது. அது, ‘போதும், இதற்கு மேல் நீளாதே’ என்று கண்ணுக்கு சிக்னல் கொடுக்கிறது என்பது இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். டியூப்லைட் வெளிச்சம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் அளந்து பார்த்தால் சில நூறு லக்ஸ்தான். திறந்தவெளியில் பகல் வெளிச்சம் பத்தாயிரம் லக்ஸைத் தாண்டும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோவில் ஆறு பள்ளிகளில் முதல் வகுப்பு மாணவர்களுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு பீரியட் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. பழைய டைம்டேபிளிலேயே இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். ஒரே ஒரு பீரியடுக்குக் கிடைத்த பலன் இது.

தைவான் இன்னும் ஒரு படி மேலே போனது. 2010-ல் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று நாடு தழுவிய பள்ளித் திட்டத்தையே ஆரம்பித்தது. தொடக்கப் பள்ளிகளில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 2001-ல் 34.8 சதவீதமாக இருந்து, 2011-ல் 50 சதவீதமாக ஏறியிருந்தார்கள். திட்டம் வேரூன்றிய பிறகு 2012-ல் 49.4, 2015-ல் 46.1 என்று இறங்கத் தொடங்கியது. மூன்று சதவீதம்தானே என்று தோன்றலாம். பத்து வருஷம் விடாமல் ஏறிய கோடு திரும்பியதுதான் அங்கே செய்தி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியில் விளையாடுவது, கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் அதிகம் உதவுகிறது. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு வேகத்தைக் குறைப்பதில் அதன் பலன் குறைவு. அதனால் கண்ணாடி போடாத பிள்ளைகளுக்குத்தான் வெயில் மிக அவசரம். அக்கா கண்ணாடி போட்டிருந்தால், இன்று பூங்காவுக்குக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டியது தம்பியை.

சென்னை வெயிலில் இரண்டு மணி நேரமா?

இது நியாயமான கேள்வி. மே மாத மத்தியானத்தில் பிள்ளையை மொட்டை மாடிக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தைவானில் பின்னர் நடந்த ஆய்வில், சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சமே பலன் தந்தது தெரியவந்தது. அதற்கு நேரடி வெயில் தேவையில்லை. மர நிழல் போதும், காலை 7 மணி வெளிச்சம் போதும், சாயங்காலம் நாலரை மணி வெளிச்சம் போதும். தொப்பி போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகலாம். இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கழிக்க வேண்டியதும் இல்லை. ஸ்கூலுக்கு நடந்து போகும் 15 நிமிடம், வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம், சாயங்கால விளையாட்டு ஒரு மணி நேரம் என எல்லாம் கணக்கில் சேரும்.

இடம் எங்கே என்று கேட்டால், தி.நகரில் நடேசன் பூங்காவும் பனகல் பூங்காவும் இருக்கின்றன. மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா, கொஞ்சம் நடந்தால் மெரினா. அடையாறிலிருந்து எலியட்ஸ் பீச் எட்டும் தூரம். குறைவது நேரம்தான். காலையில் வேன், பிறகு வகுப்பறை, மறுபடியும் வேன், வீடு வந்து பால் குடித்த கையோடு டியூஷன், அதற்குப் பிறகு கீபோர்டு கிளாஸோ அபாகஸோ. எல்லாம் முடிந்து பிள்ளை வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். சூரியன் 12 மணி நேரம் காயும் ஊரில், பல பிள்ளைகள் அதைப் பார்ப்பது வேன் ஜன்னல் வழியாகத்தான்.

ஃப்ளாட்டுக்குள் விளையாடினால் போதாதா? கார் பார்க்கிங்கில் பந்து விளையாடுவது ஒன்றுமே இல்லாததற்கு நல்லதுதான். ஆனால் கூரைக்கு அடியிலும், நான்கு பக்கமும் உயரக் கட்டடம் எழும்பிய இடுக்கிலும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். ஹைதராபாத்தில் பல இடங்களில் வெளிச்சத்தை அளந்த ஆய்வு ஒன்றில், வெளியிடங்களில் உட்புறத்தைவிடச் சுமார் 8 மடங்கு வெளிச்சம் இருந்தது. அவற்றிலும் அதிக வெளிச்சம் திறந்த விளையாட்டு மைதானத்தில்தான். முடிந்தவரை வானம் தெரியும் இடமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே கண்ணாடி போட்டாச்சு, இப்போ என்ன வழி?

ஆய்வுகளின் ஆதரவோடு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து. இரவு தூங்கப் போகும்முன் ஒரு சொட்டு. ஹாங்காங்கில் 438 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடத்தில் 0.05 சதவீத மருந்து பவர் ஏறும் வேகத்தை 67 சதவீதமும், 0.025 சதவீத மருந்து 43 சதவீதமும், 0.01 சதவீத மருந்து 27 சதவீதமும் குறைத்தன. இந்தியாவில் மூன்று மையங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில் 0.01 சதவீத மருந்துக்கே நல்ல பலன் தெரிந்தது. அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஆய்வில் அதே 0.01-க்குப் பலனே இல்லை. ஆக, எந்த அளவு, எத்தனை வருஷம் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சிலருக்கு வெளிச்சத்தில் கண் கூசலாம், பக்கத்தில் படிக்கச் சிரமம் வரலாம். சட்டென்று நிறுத்தினால் பவர் வேகமாக ஏறும் அபாயமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மருந்து இல்லை இது.

இரண்டாவது, ஸ்பெஷல் கண்ணாடி லென்ஸ். பார்க்க சாதாரணக் கண்ணாடி மாதிரியே இருக்கும். நடுவில் வழக்கமான பவர், சுற்றிலும் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி லென்ஸ்கள். இவை, கண் மேலும் நீளத் தூண்டும் சிக்னலைக் குறைக்கின்றன. இந்த வகை லென்ஸ்களில் ஒன்று ஹாங்காங்கில் இரண்டு வருடத்தில் 52 சதவீதமும், இன்னொன்று சீனாவில் தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் போட்ட குழந்தைகளிடம் 67 சதவீதமும் வேகத்தைக் குறைத்தன. மருந்து இல்லை, தொடர்ந்து போட்டால் போதும். ஸ்கூலில் மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்தால் பலன் குறைந்துவிடும்.

மூன்றாவது, பகலில் போட்டு இரவில் தூக்கிப்போடும் ஸ்பெஷல் கான்டாக்ட் லென்ஸ். 8 முதல் 12 வயதில் ஆரம்பித்த குழந்தைகளிடம் மூன்று வருடத்தில் 59 சதவீதம் வேகம் குறைந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 நவம்பரில் இதற்கு அனுமதி கொடுத்தது.

நான்காவது, இரவில் மட்டும் போட்டுக்கொண்டு தூங்கும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ். காலையில் கழற்றினால் அன்று முழுக்கக் கண்ணாடி இல்லாமலே தெரியும். கண் நீளும் வேகமும் ஏறக்குறைய பாதியளவு குறைகிறது. ஆனால் சுத்தம் மிக முக்கியம். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. அலட்சியமாக இருந்தால் கருவிழியில் தொற்று வந்து பார்வையே போகலாம். பொறுப்பான பிள்ளை, அதைவிடப் பொறுப்பான பெற்றோர் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டிய வழி.

நான்கிலுமே இரண்டு விஷயம் பொது. எதுவும் பவரைக் குறைக்காது, ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும். எதுவும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு வேலை செய்யாது.

இதையெல்லாம் நம்பாதீங்க

“கண்ணாடி போட்டா பவர் ஏறும், அதனால கொஞ்சம் கம்மியா போட்டுக்கலாம்.” பல வீடுகளில் புழங்கும் நம்பிக்கை இது. 2002-ல் வெளியான மலேசிய ஆய்வில், வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. தேவையான முழு பவரைப் போடுவதே சரி.

கேரட்டும் பொன்னாங்கண்ணியும் உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு அவை மருந்து. நீண்ட கண்ணைச் சுருக்காது. ‘புளூ லைட்’ தடுக்கும் கண்ணாடி கிட்டப்பார்வையை நிறுத்தும் என்பதற்கும், கண் பயிற்சியால் கண்ணாடியைக் கழற்றலாம் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. இணையத்தில் விளம்பரமாகும் சிவப்பு ஒளிக் கருவியை நாமாக வாங்கிப் பிள்ளையின் கண்ணில் காட்டுவது ஆபத்து. விழித்திரை பாதிப்பு பற்றிய எச்சரிக்கை மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

‘புது பவர் எவ்வளவு?’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இன்னும் நான்கு கேள்வி கேளுங்கள்.

“சொட்டு மருந்து போட்டு செக் பண்ணினீங்களா?” குழந்தைகளின் கண் தசை வலுவானது. அதைத் தளர்த்தாமல் பார்த்தால் இல்லாத மைனஸ் இருப்பதாகக் காட்டலாம்.

“கண்ணோட நீளம் எவ்வளவு?” வலியே இல்லாமல், சில நிமிடத்தில் கருவி அளந்து சொல்லிவிடும். வேகம் குறைகிறதா என்பதைக் காட்டும் சரியான அளவுகோல் இதுதான்.

“போன வருஷத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கு? இந்த வயசுக்கு அது வேகமா?” பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். மொபைலில் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தாலே போதும்.

“வேகத்தைக் குறைக்க என் பிள்ளைக்கு எது பொருந்தும், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வரணும்?”

பிள்ளை குறை சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எப்போதும் மங்கலாகவே பார்த்த குழந்தைக்கு அது மங்கல் என்றே தெரியாது. ஸ்கூலில் சேர்க்கும்முன் ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுவது நல்லது. டி.வி.க்குப் பக்கத்தில் போய் நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைப்பது எல்லாம் அறிகுறிகள். புத்தகமோ மொபைலோ, முழங்கைக்கும் விரல் முட்டிக்கும் இடையிலான தூரத்துக்குக் குறையாமல் பிடிக்கப் பழக்குங்கள். பவர் அதிகமுள்ள யாருக்காவது கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதப்பது போலவோ, திரை விழுவது போலவோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

யாருக்குக் கிடைக்கிறது இந்த பிரேக்?

ஸ்பெஷல் லென்ஸ்களின் விலை சாதாரண லென்ஸைவிடப் பல மடங்கு. பவர் மாற மாற அதையும் மாற்ற வேண்டும். சொட்டு மருந்து அந்த அளவுக்கு விலை இல்லை என்றாலும், வருஷக்கணக்கில் தொடர வேண்டும், சில மாதங்களுக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐ.டி. சம்பளம் வாங்கும் வீட்டில் இது இ.எம்.ஐ. மாதிரி இன்னொரு செலவு. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு இது எட்டாத தொகை. இரண்டு பிள்ளைகளும் ஒரே தெருவில் இருந்தாலும், 40 வயதில் இரண்டு பேரின் விழித்திரையும் ஒரே மாதிரி இருக்காது.

கண் விஷயத்தில் தமிழ்நாடு வழிகாட்டிய மாநிலம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் வரலாறு 1819-ல் தொடங்குகிறது. 2009-ல் ஆரம்பித்த ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் பள்ளி மாணவர்களின் கண்ணைப் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுத்தது. தெரியாத போர்டைத் தெரிய வைத்த நல்ல திட்டம் அது. இனி அடுத்த படிக்குப் போக வேண்டும். பள்ளிப் பரிசோதனையில் யாருக்குக் கண்ணாடி தேவை என்பதோடு, யாருக்கு வேகமாக ஏறுகிறது என்பதையும் வருஷா வருஷம் பதிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே கண் நீளத்தை அளக்கவும், தேவைப்பட்டால் சொட்டு மருந்து கொடுக்கவும் வழி செய்ய வேண்டும்.

அதைவிடச் செலவு குறைந்த வேலை ஒன்று பள்ளிகளின் கையில் இருக்கிறது. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரான பிறகு, பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் பாடத்துக்குக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அரங்கில் கைதட்டல் பறந்தது. அந்தக் கைதட்டல் டைம்டேபிளில் ஏறினால்தான் பலன். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, தினமும் ஒரு பீரியட் வானம் தெரியும் இடத்தில். மைதானம் இல்லாத பள்ளிகளுக்குப் பக்கத்து மாநகராட்சிப் பூங்காவைத் திறந்துவிடலாம். ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்ற போர்டை, குறைந்தது சாயங்கால நேரத்துக்காவது கழற்றி வைக்கலாம். கதை சொல்லும் வகுப்பை மரத்தடியில் நடத்தலாம். மதியச் சாப்பாட்டை வராண்டாவில் வைத்துக்கொள்ளலாம். மருந்தின் பலன் பற்றிய விவாதம் முடியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோரிடம் கேட்பதும் ஒன்றுதான். ஐந்து டியூஷன் நாளில் ஒன்றிரண்டை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கணக்கைப் பத்து வயதில் விட்டால் பதினொன்றில் பிடித்துவிடலாம். பத்து வயதில் நீண்டுவிட்ட கண்ணை எந்த வயதிலும் திருப்பிப் பிடிக்க முடியாது.